சோப்புக் கட்டி அளவு வெளிச்சம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருச்சி பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அந்தச் சந்தில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து திரும்பும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். விரல் நுனியால் தொடுவதல்ல. முழங்கைக்கு மேலே, சட்டை கசங்கும்படி, நன்றாகப் பிடித்துக்கொள்வேன். பெண்டாட்டி புருஷனுக்கு நாலடி பின்னால் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்களைக் கண்டதும் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். "ஜோடி வருது" என்று உள்ளே குரல் போகும். எங்களுடையது காதல் கல்யாணம் என்று சந்தில் எல்லோரும் நம்பினார்கள். வீட்டை விட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டோம் என்றுகூட ஒரு கதை உலவியது. பெண் பார்க்க வந்த அன்று அவர் காபி டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

எனக்கு மாலைக்கண். பிறந்ததிலிருந்தே இருக்கிறது. பகலில் என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. டைப் அடித்த தாளில் ஒரு கமா விட்டுப்போயிருந்தால் எட்ட நின்றே சொல்லிவிடுவேன். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் போச்சு. தெருவிளக்கு எரிகிறது என்பது தெரியும். அது எதன்மேல் வெளிச்சம் போடுகிறது என்பது தெரியாது. தரை, சாக்கடை, எதிரே வருகிற ஆள், படுத்திருக்கிற மாடு, எல்லாம் ஒரே கறுப்பு. கண் டாக்டர் ஒருவர் சோதித்துவிட்டு, இது கூடவும் கூடாது, குறையவும் குறையாது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். அம்மா அதை நம்பவில்லை. ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரலை வதக்கி என் தட்டில் போட்டாள். நான் தின்ற ஈரலுக்குப் பலன் இருந்திருந்தால் அமாவாசையில் ஊசி கோத்திருப்பேன்.

கல்யாணப் பேச்சின்போது அப்பா இதை மறைக்கவில்லை. மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துச் சொன்னார். "சரிங்க, இருட்டினா நான் பிடிச்சுக்கிறேன்" என்றாராம் இவர். அதோடு சரி, வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் யாரும் இதை வெளியே சொல்லவில்லை. வீட்டில் எனக்குக் கீழே ஒரு தங்கை இருந்தாள். அக்காவுக்குக் கண் தெரியாதாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவளுக்கு வருகிற வரனெல்லாம் வாசலோடு திரும்பிவிடும். ஆகவே ஊர் எங்களைக் காதல் ஜோடி என்று கேலி செய்தபோது நாங்கள் பேசாமல் சிரித்துவைத்தோம்.

அவர் சொன்னபடி பிடித்துக்கொண்டார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்து நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் நேரத்தில் இவர் என்னைக் கடைக்கோ கோயிலுக்கோ அழைத்துப் போய்க்கொண்டிருப்பார். ஒருநாளும் முகம் சுளித்தது கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. நான் இந்த மனிதருக்கு ஒரு சுமை, நல்லவர் என்பதால் சொல்லாமல் சுமக்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் முள்ளாகக் கிடந்தது.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு மாடியில் நடந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை பாட்ச் என்னுடையது. மத்தியானம் கணக்குகளை முடித்துவிட்டு வெயில் இருக்கும்போதே பஸ் ஏறிவிடுவேன். எனக்கு அந்த வேலை உயிர். மெஷினைப் பார்த்து அடிக்கிறவளைக் கண்டால் எனக்கு ஆகாது. "விரலுக்குத்தான் எழுத்து எங்க இருக்குன்னு தெரியுமே, கண்ணு எதுக்கு அங்க போகுது?" என்று அதட்டுவேன். என் அதட்டலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்.

ஒருநாள் இன்ஸ்டிடியூட் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நெற்றி நிறைய நாமமும் விரலிடுக்கில் பொடியுமாக இருப்பார். பேசுவது மெதுவாக, முடிவு எடுப்பது கறாராக.

"சாயங்கால பாட்ச் எடுத்துண்டிருந்த பொண்ணுக்குக் கல்யாணம். பம்பாய் போறா. ரெண்டு வேளையும் ஒருத்தரே பார்த்துண்டா எனக்கு நிம்மதி. நீங்க எடுத்துக்கறேளா?"

"சாயங்காலம் எத்தனை மணி வரைக்குங்க?"

"எட்டு மணிக்குப் பூட்டிடலாம். உங்களால முடியலேன்னா சொல்லிடுங்கோ, ரெண்டு வேளைக்குமா வேற ஆளைப் பார்க்கணும். தப்பா நினைச்சுக்கப்படாது. மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுச் சொன்னா போதும்."

வேறு ஆள் வந்தால் என் காலை பாட்சும் போய்விடும். எடுத்துக்கொண்டால் தினமும் எட்டு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் நிற்பேன். பட்டறையிலிருந்து வந்து, சாப்பிடாமல்கூட இவர் காவேரிப் பாலம் தாண்டி வந்து என்னைக் கூட்டிப்போக வேண்டும், வருஷம் முழுக்க. சொன்னால் செய்வார். அதனாலேயே சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

டார்ச் லைட் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். வீட்டில் ரெண்டு பேட்டரிக் கட்டை போடுகிற லைட் ஒன்று இருந்தது. தகரக் குழாய். கைப்பையில் வைத்தால் பையின் வாய் மூடாது. டிபன் பாக்ஸா லைட்டா என்று முடிவு செய்தாக வேண்டும். கட்டை எப்போது தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீர்ந்த கட்டையை எடுக்க மறந்தால் உள்ளேயே கசிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தெருவிளக்கு எரிகிற வீதியில் ஒரு பொம்பளை அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்கள் கேட்காமல் விடுவார்களா? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய பொருள் அது. எனக்கு வேண்டியது வேறு. தினமும் பையில் கிடக்க வேண்டும், பையில் இருப்பது தெரியக் கூடாது, கையில் எடுத்தால் கைக்குள்ளேயே மறைய வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

அந்த மாதம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்தான். எல்லோருக்கும் சேலை, சோப்பு, பவுடர் என்று கொடுத்து முடித்துவிட்டு என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்தான்.

"அக்கா, இது உனக்கு மட்டும்."

சிவப்பு பிளாஸ்டிக்கில் ஏதோ ஒன்று. குளியல் சோப்புக் கட்டி அளவுதான் இருந்தது. முன்னால் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு பல்பு, மேலே கட்டைவிரலுக்கு ஒரு ஸ்விட்ச்.

"கட்டை எங்கடா போடறது?"

"கட்டையே கிடையாதுக்கா." பின்பக்க மூடியை நகர்த்தினான். உள்ளேயிருந்து ரெண்டு பித்தளை முள் எட்டிப்பார்த்தன. "சுவத்துல பிளக்குல சொருகி வச்சிட்டுத் தூங்கு. காலையில நிறைஞ்சிருக்கும்."

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான், ரேடியோவுக்கானது. அன்று ரேடியோவைக் கழற்றிவிட்டு இதைச் சொருகினோம். பக்கவாட்டில் கடுகு அளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. நான் அதன் எதிரே உட்கார்ந்துகொண்டேன். சுவருக்குள் ஓடுகிற ஏதோ ஒன்று, சத்தமில்லாமல், இந்தச் சிவப்புக் கட்டிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அதை நான் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். தீர்ந்தால் மறுபடியும் சுவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எனக்குப் புல்லரித்தது. அறுபதுகளில் எங்கள் வீட்டுக்கு முதலில் கரண்ட் வந்தபோதுகூட நான் இப்படி உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த பல்பின் வெளிச்சம் சுவருக்குச் சொந்தமாக இருந்தது. இது எனக்குச் சொந்தமாகப் போகிற வெளிச்சம்.

கணவர் அவ்வளவு சுலபத்தில் மயங்குகிறவர் அல்ல.

"வெளிநாட்டுச் சரக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பிடறதா? பட்டறையில ஒரு சக்கரம் வெளியே போறதுக்கு முன்னாடி எத்தனை தட்டு தட்டிப் பார்ப்போம் தெரியுமா? நீ இதை நம்பி நடக்கப்போற. பரிட்சை வச்சுத்தான் அனுப்பணும்."

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. நானும் பரிட்சை வைக்கிறவள்தானே.

முதல் பரிட்சை, எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்வோம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அலமாரி மேல் இதை எரியவைத்து, ஜெபமாலையைத் தொடங்கினோம். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் முடிந்தது. மன்றாட்டு மாலை முடிந்தது. வெளிச்சம் அப்படியே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீ வேகமாச் சொல்லிட்ட" என்றார் அவர்.

மறுநாள் அவரே முன்சொன்னார். அவ்வளவு நிதானமாக யாரும் ஜெபமாலை சொல்லி நான் கேட்டதில்லை. முடிந்ததும் இரண்டாவது ஜெபமாலையையும் தொடங்கினார். அதில் மூன்றாவது பத்தில் வெளிச்சம் சிவந்தது. சிவந்த வேகத்தில் அணைந்தும் போனது. "பார்த்தியா" என்றார், ஏதோ ஜெயித்தவர் மாதிரி. நான் கணக்குச் சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் மாடி இறங்கி, கோபுர வாசல் தாண்டி, பஸ் ஏறும்வரை ரெண்டு பத்து. பாலக்கரையில் இறங்கி வீடு சேர இன்னொரு பத்து. முழு ஜெபமாலைகூட எனக்கு வேண்டாம். அவர் எழுந்து ரேடியோவை மாட்டினார்.

அடுத்தது கீழே போடுகிற பரிட்சை. நெஞ்சு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழவிட்டார். ஒரு மூலை பெயர்ந்தது, விளக்கு எரிந்தது. "கை தவறிடுச்சு" என்று இரண்டாவது முறையும் போட்டார். கை தவறவில்லை என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அப்போதும் எரிந்தது.

ஆனால் ஒரு பரிட்சையில் அது தோற்றது. ஒருநாள் காலையில் நிறைத்து, பையில் போட்டு, ஸ்ரீரங்கம் கொண்டுபோனேன். மத்தியானம் பையைத் திறந்தால் உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு. டிபன் பாக்ஸ் உரசி ஸ்விட்ச் தானாக நகர்ந்திருக்கிறது. அரைமணி நேரமாக என் சீப்புக்கும் கைக்குட்டைக்கும் வெளிச்சம் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அன்று நான் அதை நம்பி எட்டு மணிக்கு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பேன்.

"ரிஜெக்ட்" என்றார் அவர், மாலையில் விஷயம் கேட்டதும்.

ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஒரு சின்ன உறை தைத்தேன். ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் துணியை மடித்துக் கெட்டியாக்கி, வாயில் ஒரு கொக்கி வைத்தேன். ஒரு வாரம் டிபன் பாக்ஸோடு சேர்த்துப் பையில் போட்டுக் குலுக்கினேன். ஸ்விட்ச் நகரவில்லை.

"இன்னொரு வாரம் பார்ப்போமே" என்றார்.

கடைசிப் பரிட்சை எங்கள் சந்தில். விளக்கு வைத்த நேரம். அவர் பின்னால் வருவதென்றும், நான் கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாதென்றும் ஏற்பாடு. டார்ச்சை உள்ளங்கையில் வைத்து மேலே கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். கட்டைவிரலை அழுத்தினேன். முதலில் என் விரல்கள் தெரிந்தன. அவற்றின் இடுக்கிலெல்லாம் ரத்தச் சிவப்பு; என் ரத்தத்தை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தரையில் ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்துக்குள் என் இரண்டு கால்களும் வந்தன.

இதை எப்படிச் சொல்வது. அந்த வயதுவரை இருட்டில் நான் என் கால்களைப் பார்த்தது கிடையாது. செருப்பு வார், விரலில் மெட்டி, சேலைக் கரை, எல்லாம் தெரிந்தன. அடுத்து என்ன இருக்கிறது என்று அந்த வட்டம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஈரமான கல் இருந்தது. வேப்பம்பழம் சிதறிக் கிடந்தது. ஒரு தேரை தொண்டை அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தது. நிமிர்த்திப் பிடித்தேன், மதில் மேலிருந்து இரண்டு பச்சை நெருப்பு என்னைப் பார்த்தது. பயந்துபோய், "ஏங்க, அது என்னங்க?" என்றேன்.

"பூனை" என்றார் பின்னாலிருந்து.

இருட்டில் பூனைக்குக் கண் எரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எத்தனை வருஷமாக இந்தச் சந்தில் இவ்வளவும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் வீடு போய்ச் சேருகிறவரை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் விளக்கைக் காட்டினேன். கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாஸா?" என்றேன்.

"மழையில என்ன ஆகும்னு பார்க்கலையே. இன்னொரு வாரம் பார்ப்போம்."

மாதக் கடைசிக்கு இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு என்னதாங்க வேணும்? இன்னும் அது என்ன செஞ்சு காட்டணும்?"

"ஒண்ணுமில்ல" என்று சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். அவருக்கு டார்ச் மீது சந்தேகமில்லை, என் நடைமேல்தான் நம்பிக்கையில்லை என்று நான் முடிவு கட்டினேன். மனசு மிகவும் வலித்தது. மறுநாள் ஸ்ரீரங்கம் போனதும் முதல் வேலையாக முதலாளியிடம், சாயங்கால பாட்சை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"பேஷா எடுத்துக்கோங்கோ" என்று பொடி போட்டுக்கொண்டார்.

சித்திரை வீதியிலிருந்து பஸ்ஸுக்கு வர இரண்டு கோபுர வாசல்களைக் கடக்க வேண்டும். கடைசி வாசலுக்கு அப்போது மொட்டைக் கோபுரம் என்றுதான் பெயர். நூற்றுக்கணக்கான வருஷமாகப் பாதியில் நின்றுபோனதை மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் இருபுறமும் கருங்கல் சுவர், காலுக்கடியில் மேடும் பள்ளமுமான பாவுகல், ஓரத்தில் மணலும் ஜல்லியும் சாரக் கம்பும். தெருவிளக்கு அதற்குள் எட்டாது. முதல் நாள் அதற்குள் நுழையும் முன் நின்று கட்டைவிரலை அழுத்தினேன். கைக்குட்டைக்குள்ளிருந்து வட்டம் விழுந்தது. கல் கல்லாகப் பார்த்து நடந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, பஸ்ஸின் வெளிச்சத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதாவுக்கு நன்றி சொன்னேன். ரங்கநாதர் வாசல் என்பதால் அவருக்கும் சொன்னேன். யாரும் என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டார்ச்சோடு போனேன். திரும்பும்போது அவர் வழக்கம்போல முழங்கையை மடக்கினார். நான் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஒரு எட்டு தள்ளி, நிமிர்ந்து, தனியாக நடந்தேன். அவருக்கு இனி சுமை இல்லை என்று காட்ட வேண்டும் எனக்கு. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தனியே இழுத்தாள்.

"என்னக்கா, வீட்ல சண்டையா? அண்ணன் முகமே சரியில்லையே."

சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதே வாரம் ஒருநாள், சாயங்கால பாட்சில் பாதி வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. எங்கள் மாடியில் மட்டுமல்ல, ஜன்னல் வழியே தெரிந்த புள்ளிகளெல்லாம் ஒரேயடியாக மறைந்தன. வீதியில் பிள்ளைகள் "ஓ" என்று கத்துவது கேட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்றேன்.

"ஒண்ணும் தெரியலை மிஸ்" என்றது ஒரு குரல்.

"தெரியாட்டி என்ன? நான் சொல்றேன், அடிங்க."

பையில் டார்ச் இருந்தது. எடுக்கவில்லை, திரும்பிப் போகிற வழிக்கு அது வேண்டும். பாடத்தில் ஒரு கடிதம் எனக்கு மனப்பாடம். அதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். முதலில் ஒன்றிரண்டு விரல்கள் தயங்கித் தயங்கித் தட்டின. பிறகு இன்னும் சில. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க எல்லா மெஷினும் சேர்ந்து ஓடின. வரி முடிகிற மணி அங்கொன்றும் இங்கொன்றும் அடித்தது, தாள் சுற்றிய கேரேஜ் சர்ரென்று திரும்பியது, மறுபடி தட்டல். அந்த இருட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எழுத்தெல்லாம் தாளில் தன்னிடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. நான் நடுவில் நின்றேன். இத்தனை வருஷமாக நான் தனியாகவே இருந்த இடத்துக்கு இன்று இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், வந்தும் வேலை செய்கிறார்கள். முதலாளி மெழுகுவத்தியோடு மாடியேறி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம்" என்று மெழுகுவத்தியை அவரே ஊதி அணைத்தார்.

எட்டு மணி ஆகியும் கரண்ட் வரவில்லை. பெண்களை அப்பாக்களும் அண்ணன்களும் வந்து கூட்டிப்போனார்கள். நான் இறங்கி நடந்தேன். கடைகளில் மெழுகுவத்தியும் பெட்ரோமாக்ஸும் இருந்ததால் வீதியில் ஆட்கள் நடமாடினார்கள். மொட்டைக் கோபுரத்தண்டை வந்தால் உட்புறம் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருக்கிற பேச்சரவம். கட்டட வேலைக்குக் கொட்டிய ஜல்லியில் யாரோ தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அதற்குமேல் நுழைய ஒருவருக்கும் தைரியமில்லை.

நான் ஓரமாக ஒதுங்கி, வழக்கம்போல் கைக்குட்டைக்குள் டார்ச்சை அழுத்தினேன். எவ்வளவு மறைத்தாலும் அந்தக் கும்மிருட்டில் அது தெரியாமல் இருக்குமா?

"யாரோ லைட் வச்சிண்டிருக்கா" என்றார் ஒருவர். "அம்மா, சித்த நில்லுங்கோ. நாங்களும் பின்னாலேயே வந்துடறோம்."

கைக்குட்டையை உருவிப் பைக்குள் போட்டேன். கையை உயர்த்திப் பிடித்தேன். வட்டம் பெரிதாகி, கருங்கல் சுவரில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்தது.

"இங்க ஒரு பள்ளம் இருக்குங்க. வலது பக்கம் ஒட்டி வாங்க. ஜல்லி கிடக்கு, காலைத் தூக்கி வைங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். என் குரல்தான் அது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நாலடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். வயதானவளும் இல்லை, சின்னப் பெண்ணும் இல்லை.

"ஏங்க, உங்க கையைப் பிடிச்சுக்கட்டுமா? எனக்குக் காலடியில ஒண்ணுமே தெரியலங்க."

பிடித்துக்கொண்டாள். முழங்கைக்கு மேலே, ரவிக்கை கசங்கும்படி. ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது, பிடித்துத்தான் பழக்கம். நான் கால் வைத்த இடத்தில் அவள் கால் வைத்தாள். நான் நின்றால் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. முன்பின் தெரியாதவள், தன்னை முழுக்க என்னிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தாள். கனக்கும் என்று எதிர்பார்த்தேன். துளிக்கூடக் கனக்கவில்லை. நான் அவ்வளவு நேராக, அவ்வளவு நிச்சயமாக என் வாழ்நாளில் நடந்ததில்லை. அவள் பிடித்திருந்ததால்தான் அப்படி நடந்தேன்.

வெளியே வந்ததும் பஸ்களின் வெளிச்சம் இருந்தது. எல்லோரும் கலைந்தார்கள். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலம் தாண்டுகிறவரை, அவள் பிடித்திருந்த இடத்தை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவர் சாப்பிடாமல் காத்திருந்தார். இலையைப் போட்டுப் பரிமாறினேன்.

"ஸ்ரீரங்கத்துல கரண்ட் இல்லைன்னு பஸ் ஸ்டாப்புல பேசிக்கிட்டாங்க. லைட் தாங்குச்சா?"

"தாங்குச்சு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டில் டைப் அடித்தது, வாசலில் நின்றவர்கள், அந்தப் பெண், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கனமா இருந்துச்சா?"

"இல்லீங்க. இத்தனை வருஷமா கனக்கும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கனக்கவே இல்லை. அவ விட்டுட்டுப் போனப்புறம்தான் கை என்னவோ மாதிரி இருக்கு."

அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு ஞாயித்துக்கிழமையிலேருந்து அப்படித்தான் இருக்கு" என்றார்.